இனித்துக் கிடந்த கிணறு

அன்று மாலை அந்த மேல்வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் ஆறு பேர்: சிற்றம்பலம், அவர் மனைவி பத்மாசனி, மகள் அருந்ததி; பெண் பார்க்க வந்த பரமலிங்கம், அவர் மனைவி இராசமலர், மகன் யோகலிங்கம். வீட்டுச் சொந்தக்காரர் மஹ்றூப் படிக்கட்டில் நின்றார், மேலே ஏறவில்லை. வேறு எவரும் அங்கே இல்லை.

தர்மபுரத்துக் குடியேற்றக் காணியில் சிற்றம்பலத்தாருக்கு இருந்தது மண்வீடு. கந்தோரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் ஆட்களை அந்தக் கிடுகுக் கூரைக்குக் கீழே இருத்த அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே வைகாசிப் பொங்கலை ஒட்டி முல்லைத்தீவில் அந்த மேல்வீட்டை வாடகைக்கு எடுத்தார். முன்னால் ஒல்லாந்தர் கோட்டையின் இடிந்த மதில், அதற்கப்பால் கடல், கூப்பிடு தூரத்தில் கடைத்தெரு. வருகிறவர்களுக்கு மதிப்புத் தோன்றும்.

வீட்டுத் திறப்பைக் கொடுக்கும்போது மஹ்றூப் ஒன்று சொன்னார்.

"ஐயா, பின் வளவுக் கிணத்தை மட்டும் திறவாதேங்கோ. குடிக்கிற தண்ணி என்ர வீட்டில இருந்து அனுப்பிறன்."

"ஏன், அது கூடாத தண்ணியோ?"

"நல்ல தண்ணிதான் ஐயா. குடிச்சவை விடமாட்டினம், அதுதான் பயம். என்ர வாப்பா பலகை போட்டு மூடினவர்."

பிற வீட்டுத் தண்ணீர் சிற்றம்பலத்தார் பரம்பரையில் எவர் நாவிலும் பட்டதில்லை. சம்பந்தம் பேசுகிற நேரத்தில் அப்படி ஒரு கதை எழும்பினால் மகளின் காரியம் கெட்டுவிடும். மஹ்றூப் அனுப்பிய குடத்தை வாசலிலேயே திருப்பினார். பலகையை நெம்பி எடுத்து, தன் கையாலேயே அள்ளினார்.

கடலோரக் கிணறு உப்புக் கரிக்கும். இது இனித்தது.

வேம்பின் நிழலில் வெயிலே படாமல் கிடந்த கிணற்றிலிருந்து மேலே வந்த வாளி, காய்ச்சல்காரனின் நெற்றியைப் போலச் சூடாயிருந்தது. அந்தத் தண்ணீரில் வெந்த சோறு பருக்கை பருக்கையாக நிற்காமல் கூழாகி விரல்களை ஒட்டிப் பிடித்தது. குடத்தைச் சரித்தால் கடைசித் துளி விழாமல் நூலாக இழுபட்டுத் தொங்கியது. கை கழுவினால் வழுவழுப்பு மிஞ்சியது, அது காய்ந்ததும் பல் தீட்டாத வாய்க்குள்ளிருந்து கிளம்பும் புளித்த நாற்றம் விரலிடுக்கில் தங்கியது. தேசிக்காய் தேய்த்தார், சாம்பல் தேய்த்தார். போகவில்லை. அது என்ன நாற்றம் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லை நினைக்கவே கூசி, முதல் மிடறோடு குடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

அருந்ததி நிறுத்தவில்லை. குடத்தடியிலேயே குந்தியிருந்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் பத்மாசனி. "எனக்கு அருவருக்குது. பிள்ளை சோறும் தின்னாமல் இதையே குடிக்கிறாள். அந்த மனுசனிட்டையே தண்ணி வாங்குவம்."

"விசர்க்கதை கதையாதை. ஆரின்ர தண்ணி எண்டு அவை கேட்டால் என்ன சொல்லுவாய்?"

மறுநாள், விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னர் அவர் கிணற்றடிக்குப் போனார். அள்ள அள்ளத் தண்ணீர் உயர்ந்திருந்தது. உட்சுவரில் பாசி இல்லை. வெளிர்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக ஏதோ படர்ந்திருந்தது. வாளி தண்ணீரைத் தொட்டதும் அடியில் ஒரு சத்தம். மிடறு விழுங்குகிற சத்தம். கயிற்றை ஏதோ மெல்ல இழுத்தது, கன்று மடியை இழுப்பதுபோல. தெருவில் கார் வந்து நின்றது. வாளியைத் தூக்கினார்.

கோப்பியை மூக்குப்பேணிகளில் கொடுத்தார்கள். பரமலிங்கம் கையிலேயே வைத்திருந்தார்.

"தண்ணி எங்கால? கீழ நிக்கிற அவரின்ர வீட்டிலயோ?"

படிக்கட்டிலிருந்து மஹ்றூப் சிற்றம்பலத்தாரையே பார்த்தார். இந்த நொடியில் ஒரு சொல் சொன்னால் போதும். கோப்பியைத் தட்டிவிட்டால் போதும்.

"எங்கட கையால அள்ளினது," என்றார் சிற்றம்பலத்தார். "பின் வளவுக் கிணறு."

"அப்ப சரி."

மஹ்றூப் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

மூவரும் முறைப்படி அண்ணாந்து, பேணியின் மூக்கு உதட்டில் படாமல் குடித்தார்கள்.

"தேன் மாதிரி," என்றாள் இராசமலர். "எங்கட பக்கத்தில எல்லாம் உவர்த்தண்ணி."

"கோப்பிக்காகவே பொம்பிளையைக் கட்டலாம், என்ன தம்பி?" பரமலிங்கம் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பேணியை மறுபடி நீட்டினான். மறுபடியும்.

பிறகு இராசமலர் பேணியின் மூக்கை வாய்க்குள் வைத்து உறிஞ்சினாள். பட்டுச்சேலை கட்டிய, சங்கையும் மரியாதையுமான பெண். வாயை எடுத்ததும் ஒரு நூல் இழுபட்டது. அறவில்லை. அதே பேணியை அருந்ததி பிடுங்கி உறிஞ்சினாள். அவளிடமிருந்து மாப்பிள்ளை. அவனிடமிருந்து பரமலிங்கம். அருவருக்குது என்ற பத்மாசனி தரையில் சிந்தியதைக் குனிந்து நக்கினாள்.

வாய்கள் மூடவில்லை. வழிந்தது. மடியில். தரையில். படிப்படியாக இறங்கி, பின் வளவுப் பக்கம் ஓடியது.

கீழே ஒரு மிடறு விழுங்கும் சத்தம். இங்கே ஐந்து தொண்டைகளும் அதே நேரத்தில் அசைந்தன.

"என்ன, பொம்பிளையின்ர தகப்பன் குடிக்கேல்லை?" பரமலிங்கம் கேட்டார். வாயில் நூல் தொங்கியது. "சம்பந்தத்தில விருப்பமில்லையோ?"

பத்மாசனி பேணியை நீட்டினாள். மூக்கில் பற்கள் பட்ட ஈரம். இளஞ்சூடு. உள்ளே ஏதோ புரண்டது.

எச்சில். அந்தச் சொல் கடைசியில் மனதில் வந்தது.

"விருப்பம்தான்," என்றார்.

அண்ணாந்தார். அது விழவில்லை. மெல்ல இறங்கி வந்து, அவர் உதட்டை நக்கியது. வாய் திறந்தது. விழுங்கினார்.

சிற்றம்பலத்தார் பயந்துபோய் மஹ்றூப் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார் என்று முல்லைத்தீவில் ஒரு கதை உலாவுகிறது. அது பொய். பிற வீட்டுத் தண்ணீர் அவர் நாவில் படவில்லை. அன்று தொட்டு ஆறு பேரும் அந்தக் கிணற்றில்தான் குடிக்கிறார்கள். தண்ணீர் கட்டுவரை வந்து நிற்கிறது. குனிந்தால் வாய் எட்டும்.