உப்புக் கரித்த குழி

வெள்ளிக்கிழமை தோல் பதனிடும் ஷாப்புக்கு விடுமுறை. முந்தின நாள் பீர் முகமது தன் கையாலேயே வாளி வாளியாக இறைத்துக் காலி செய்த, தோல் ஊறவைக்கும் ஓரக்குழியில், இன்று விளிம்பு வரை தண்ணீர் நின்றது.

எந்தப் பயல் வேலை இது என்று திட்டிக்கொண்டே குனிந்தான். பேகம்பூர் மூக்குகளுக்குப் பழகிப்போன சுண்ணாம்பு நெடியும் ஆவாரம்பட்டை வாசமும் எங்கே போயினவோ, மீன் கவிச்சிதான் குப்பென்று அடித்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தான். நாகூர் போயிருந்தபோது அலையில் விழுந்து வாயில் புகுந்த அதே கரிப்பு. திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்திருந்தான். மகன் பக்ருதீன் பதினாறு வயதில் கடற்படையில் சிறுவர் மாலுமியாகச் சேர்ந்தவன். பதினெட்டு முடியுமுன், அறுபத்தைந்தாம் வருஷச் சண்டையின்போது, கப்பல் தட்டிலிருந்து கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை என்று தந்தி வந்தது. அன்றிலிருந்து பிள்ளையின் அம்மா அஜீஸுன்னிசா, மையித்துக்குச் சுற்றும் கபன் துணியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கிறாள்.

"மையித்து இல்லாம என்னங்க ஜனாஸாத் தொழுவ? எம்புள்ள மொகத்தப் பாக்காம ஒருத்தரும் தொழுவக் கூடாது."

சோற்றைத் தொடுவதில்லை. மகனோடு மனைவியும் போய்விடுவாளோ என்ற பயம் அவனை அரித்தது.

குழிக்குள் ஒரு தோல் மிதந்தது. கவனிக்காமல் விட்டால் அழுகிவிடும், முதலாளி உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். கை தானாக நீண்டது. பாதியை இழுத்துச் சாய்வு மரத்தில் சவ்வுப் பக்கம் மேலே வரும்படி போட்டு, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் சீவத் தொடங்கினான். மீதிப் பாதி தண்ணீருக்குள் தொங்கியது. பழகிய கைக்குக் கண் எதற்கு? ஆட்டுத் தோலென்றால் இவ்வளவு அகலம் இருக்காது. கன்றுத் தோலென்றால் இவ்வளவு மெலிசாக இராது. சவ்வு வழித்துக்கொண்டு வந்தது. சூடாக.

ஊறின தோல் சுடாது.

கத்தியை நிறுத்தினான். மரத்தில் ரத்தம் வழிந்தது.

திருப்பிப் போட்டான். மயிர் இல்லை. முதுகு. குறுக்கே மூன்று தழும்பு. கடைசித் தழும்பு நுனியில் வளைந்திருந்தது.

அவன் போட்ட தழும்பு. குழி வேலைக்கு வரமாட்டேன் என்ற பிள்ளையை இதே மரத்தில் குப்புறக் கிடத்தி, ஈர வாரால், முதுகு கிழிந்து ரத்தம் சுவரில் தெறிக்கும்வரை விளாசினான். அந்த அடிக்குப் பயந்துதான் பிள்ளை கடலுக்கு ஓடினான்.

"அடிக்காதத்தா... வேலைக்கு வாரேன்... வாரேன்த்தா..."

குழியிலிருந்து வந்தது குரல். குமிழி குமிழியாக.

பின்னால் செருப்புச் சத்தம். அஜீஸுன்னிசா கபன் துணியோடு நின்றாள்.

"பக்ரு வீட்டுக்கு வந்தாங்க. அத்தா என்னயக் குளிப்பாட்டுறாரு, வாம்மான்னு கூப்பிட்டான்."

மரத்தில் கிடந்ததைப் பார்த்தாள். குழி விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மொகம் தண்ணிக்குள்ளதான கெடக்கு? இழுங்க."

"வேணாம் புள்ள."

"இழுங்கங்கறேன்!"

இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். உள்ளிருந்து யாரோ பதிலுக்கு இழுத்தார்கள்.

இரண்டு கைகள் மேலே வந்தன. தோலில்லாத, சிவந்த கைகள். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன. பிறகு தலை. இமையில்லாத கண்கள் முதலில் அம்மாவைப் பார்த்தன. அவள் கண் நிறையப் பார்த்துக்கொண்டாள்.

"வந்துட்டியா, ராசா."

கைகள் பீர் முகமதுவை மரத்தின் மேல் குப்புறத் தள்ளின. அவனுடைய சட்டை கிழிந்தது. கத்தியின் இரண்டு பிடிகளும் அவன் முதுகுக்கு மேலே உயர்ந்தன. அஜீஸுன்னிசா கபன் துணியை உதறி விரித்து, அது இரண்டு பேருக்குக் காணுமா என்று முழம்போட்டுக்கொண்டிருந்தாள்.