வாயால் ஊதிய தொட்டி

முப்பத்தொரு வருடமாக பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். காற்றைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அது எங்கே கசியும், எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பதெல்லாம் என் விரலுக்கே தெரியும். கடைக்கு வருகிறவர்கள் பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "மொதல்ல வண்டியை ஸ்டாண்டு போடுங்க" என்று பேச்சை வெட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன்.

என் மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடியே வேலை, முழங்கால் இரண்டும் போய்விட்டன. தினமும் அரை மணி நேரம் கழுத்தளவு வெந்நீரில் உட்காரச் சொன்னார் டாக்டர். எங்கள் குளியலறையில் ஓர் ஆள் உட்கார வேண்டுமென்றால் வாளி வெளியே போக வேண்டும். அப்போதுதான் அவள் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். காற்றடித்து நிறுத்துகிற ஹாட் டப். நாலு பேர் உட்காரலாம், காற்றடிக்கவும் தண்ணீரைச் சூடாக்கவும் ஒரு மோட்டாரும் கூடவே உண்டு. ஒருமுறைகூடத் தண்ணீர் ஊற்றாதது என்று போட்டிருந்தது.

"என்னங்க, போய்ப் பாத்துட்டாவது வாங்களேன்." மூச்சுக்கு முந்நூறு தடவை இதையே சொன்னாள். ஒரு பிற்பகல் கடையை அடைத்துவிட்டு வேனை எடுத்தேன்.

தெருக்கோடியில் தனியாக நின்ற பழைய வீடு. நல்ல வெயில் நேரத்திலும் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க... தம்பி. டப்பைப்... பாக்கத்தானே?"

இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சை இழுத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீளமான நடை, கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. உள்ளே போனதும் கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. விளக்கைப் போட்டார். அறையை அடைத்துக்கொண்டு நின்றது தொட்டி. சுவரைத் தட்டிப் பார்த்தேன், கிண்ணென்று இருந்தது.

"நல்லாக் காத்துப் பிடிச்சிருக்கே டீச்சர். இந்த மோட்டார்லயா?"

"இல்ல. அவரு... வாயால ஊதினது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கணவரின் படத்தைக் காட்டினார். அகலமான நெஞ்சு, கழுத்தில் விசில். அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவராம்.

"எப்பவும் வாயில... கிராம்பு. மோட்டாரைப் பெட்டியிலேருந்து... எடுக்கவே விடல. மோட்டார் எதுக்கு, நெஞ்சு இருக்குல்லன்னாரு. நாலு நாள்... ஊதினாரு."

"நாலு நாள்ல முடிச்சிட்டாரா?"

"மூடியை... நான்தான் போட்டேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தொட்டியை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி நடை வழியே உருட்டி வெளியே கொண்டுவந்து, வேனின் மேல் கயிறு போட்டுக் கட்டினேன். கிளம்பும்போது டீச்சர் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"தம்பி. காத்தை... இறக்கிடாதீங்க. இப்படியே... வெச்சுக்குங்க."

வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன், "அண்ணே, வேனையும் தூக்கிக்கிட்டுப் பறந்துடப் போவுது" என்று கத்தினான். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பெல்லாம் வீட்டுப் பின்கதவுவரைதான். கதவு குறுகல். எப்படித் திருப்பினாலும் தொட்டி நுழையவில்லை.

"காத்தை இறக்கி மடிச்சுக் கொண்டு போலாம்ங்க. இது உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி, விளிம்பைத் தாங்கிப் பிடித்தபடி.

டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. வயதானவர்கள் ஆயிரம் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிட்டு வால்வு மூடியைத் திருகித் திறந்தேன்.

மோட்டாரில் பிடித்த காற்று சீராக, ஒரே இழுப்பில் இறங்கும். இது அப்படி வரவில்லை. விட்டு விட்டு வந்தது. ஒரு புஸ். ஓர் இடைவெளி. இன்னொரு புஸ். வால்வுக்கு நேரே அவள் முகம் இருந்தது. நெற்றி முடி பறந்தது.

"அட, சூடா வருதுங்க. கிராம்பு வாசனை," என்று சிரித்தாள். பிறகு இருமினாள்.

பின்னறையில் விரித்து, மோட்டாரை மாட்டிக் காற்றடித்து, தண்ணீர் நிரப்பிச் சூடாக்கினோம். அன்று சாயங்காலம் அவள் கழுத்துவரை வெந்நீரில் முங்கிக்கொண்டு கண்ணை மூடினாள். "வலியே தெரியலங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. நானும் இறங்கினேன். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காலால் தண்ணீர் அடித்துக்கொண்டோம். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, கேலி செய்யவும் ஆளில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் வெளிப்பக்கம் துடைக்கும்போது அடித் தையலில் சோப்பு நுரை கொப்பளித்தது. ஓட்டை. ஊசி முனை அளவுதான். ஊரார் டயரையெல்லாம் ஒட்டுகிற நான், வீட்டு ஓட்டைதானே, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வந்தேன். காலையில் தொட்டி தொளதொளவென்று கிடக்கும், மறுபடி காற்றடிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

காலையில் அது கிண்ணென்று நின்றது.

ஓட்டையில் எச்சில் தொட்டு வைத்தேன். கொப்புளம் வந்தது. கசிவு நிற்கவில்லை. மோட்டார் நின்றிருந்தது. கடையிலிருந்து காற்று அளக்கிற கேஜ் கொண்டுவந்து வால்வில் வைத்துப் பார்த்தேன். முள் நேற்றைவிட ஏறியிருந்தது. மறுநாள் அதற்கும் மேலே. முப்பத்தொரு வருடத்தில் ஓட்டையான ட்யூபில் காற்று ஏறி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அறை வாசல்வரை போய்விட்டு, பயந்துபோய்த் திரும்பிவிட்டேன்.

அந்த வாரம்தான் மனைவி மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தாள். நாலு படி, ஓர் உட்காரல். வேலைக்குப் போவது நின்றது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் ஒன்றுமே இல்லை என்றார். அவளோ பெரும்பாலும் தொட்டியிலேயே கிடந்தாள். அதில் இருந்தால்தான் நெஞ்சு லேசாக இருக்கிறதாம். படுக்கையையும் அந்த அறைக்கே மாற்றிக்கொண்டாள்.

"என்னங்க... கொஞ்சம்... தண்ணி," என்றாள் ஒரு நாள்.

டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் டீச்சர் பேசினார்.

மறுநாள் விடியும் நேரம். நான் எழுந்தபோது பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் அவள் மல்லாந்து தூங்கினாள். ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் ஒரு சத்தம் இருந்தது.

யாரோ நெஞ்சு நிறைய மூச்சிழுக்கிற சத்தம்.

பிறகு நீளமாக ஊதுகிற சத்தம்.

தொட்டியின் மேல் கையை வைத்தேன். அவள் மூச்சை விட்டாள். என் கைக்கடியில் சுவர் உப்பியது. அவள் இழுத்தாள், கொஞ்சமே கொஞ்சம். சுவர் அசையவில்லை.

அவள் விட்டாள்.

சுவர் உப்பியது.

காற்றுத் தொழில்காரன் முதலில் என்ன செய்வான்? வால்வைத் திறப்பான். திறந்தேன். புஸ்ஸென்று சூடாக வந்தது. இஸ்திரிக் கூடத்து நீராவி வாசனை, அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசனை. கட்டிலில் அவள் வாய் திறந்துகொண்டது. கண் செருகியது. உதடு நீலமானது. வெளியே போய்க்கொண்டிருப்பது அவள் என்று புரிய எனக்கு இரண்டு நொடி ஆனது. கட்டைவிரலால் வால்வை அடைத்து, மூடியை மறுபடி இறுக்கினேன்.

பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. டீச்சர் இரண்டு கையிலும் வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"காத்தை இறக்கிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"என் வீட்டுக்காரி."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "நாலாவது நாள் வெந்நீர் கொண்டு போனேன் தம்பி. வால்வுல வாயை வெச்சபடியே உயிர் போயிருந்துச்சு. மூடியைப் போட்டேன். அன்னிலேருந்து என் மூச்சு கொறைய ஆரம்பிச்சுது. எதையும் பாதியில விடற மனுஷன் இல்ல அவரு. பசங்களை ஓட விட்டா கடைசிப் பையன் வந்து சேர்ற வரைக்கும் முடிக்கிற விசிலை ஊத மாட்டாரு. தொட்டி ரொம்புற வரைக்கும் ஊதிக்கிட்டுத்தான் இருப்பாரு. அவருக்குத்தான் நெஞ்சு இல்லையே. பக்கத்துல இருக்கற நெஞ்சை எடுத்துக்குறாரு. காத்தை இறக்கினா, எதிர்ல இருக்கறவங்க நெஞ்சுல மொதல்லேருந்து ஆரம்பிப்பாரு, அதான் இறக்காதீங்கன்னேன்."

"தெரிஞ்சேதான் வித்தீங்களா டீச்சர்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் மூச்சு வேணும்ல, தம்பி."

அவர்மேல் வந்த ஆத்திரத்தைக் காட்டக்கூட நேரமில்லை. திரும்பி வரும் வழியில் ஒன்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டை இருக்கும்வரை தொட்டி நிரம்பாது. நிரம்பாதவரை அவர் நிறுத்த மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்ட ஓட்டை.

அக்காவை அனுப்பிவிட்டுத் தரையில் படுத்தேன். காற்று இருக்கும்போது ஒட்டுப் போட்டால் ஒட்டாது, உள்ளிருந்து தள்ளிவிடும். காற்றை இறக்கவும் வழியில்லை. சொல்யூஷனைத் தடவி, ஒட்டை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தேன். ஒட்டுக்கு அடியில் சூடாக முட்டியது. விடவில்லை. தலைக்கு மேல் அந்த மூச்சு இழுத்தது, ஊதியது. கட்டிலில் அவள் மூச்சு நூலாகிக்கொண்டிருந்தது. எண்ணக்கூட பயமாக இருந்தது.

முட்டல் நின்றது. ஒட்டு பிடித்துக்கொண்டது.

ஒரு முறை ஊதியது.

இன்னொரு முறை. பாதியில் நின்றது.

பிறகு, அந்த அறைக்குள்ளேயே, நீளமாக ஒரு விசில்.

நான் எழுந்து அவளை வாரித் தூக்கினேன். கனமே இல்லை. மூடியைக் கழற்றி, வால்வில் அவள் வாயை வைத்தேன். "இழும்மா. உன்னுதுதான், இழு," என்று அழுதேன். முதலில் காற்று கன்னத்தில் பட்டுச் சிதறியது. பிறகு அவள் தொண்டை அசைந்தது. இழுத்தாள். மறுபடி இழுத்தாள். உதட்டில் நிறம் வந்தது. தொட்டி சரிந்து, வெந்நீர் விளிம்பு தாண்டி அறையெல்லாம் ஓடி எங்கள் முழங்காலை நனைத்தது. கடைசிச் சொட்டுக் காற்றுவரை அவள் விடவில்லை. அதில் கடைசியாக வந்தது கிராம்பு வாசனை. அதைக் கவனித்தேன். அவள் வாயை எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரவில்லை.

தொட்டியைக் கத்தியால் கிழித்துத் துண்டு துண்டாகக் குப்பையில் போட்டேன். அவளிடம், அதில் ஏதோ ரசாயனம், அதனால்தான் மூச்சு முட்டியது என்று சொன்னேன். மாஸ்டரைப் பற்றியோ டீச்சரைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் தேறிவிட்டாள். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

போன வாரம் மத்தியானம் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். மின்சாரம் இல்லை, கம்ப்ரஸர் நின்றிருந்தது. லாரி ட்யூப் ஒன்று தரையில் சப்பையாகக் கிடந்தது. நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் வால்வில் வாயை வைத்திருந்தாள்.

மூன்றே மூச்சு.

ட்யூப் அவள் இடுப்புயரத்துக்கு எழும்பிக் கிண்ணென்று நின்றது.

"ஏய், என்ன பண்ற? கரண்டு வந்தா மோட்டார்ல அடிச்சுக்குவேன்ல?" என்றேன்.

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, நெஞ்சை விரித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மோட்டார் எதுக்கு? நெஞ்சு இருக்குல்ல?"