பின்சீட்டில் ஓடிய படம்

சாண்ட் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டி நாலைந்து மைல் போயிருப்பாள். வண்டியின் உள்கூரையில், பின்சீட்டுக்கு மேலே, நீல வெளிச்சம் ஒன்று அசைந்தது.

ஆர்லிஸ் அதைப் பின்னால் பார்க்கும் கண்ணாடியில்தான் பார்த்தாள். பனிமேல் பட்டுத் திரும்புகிற வெயிலாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் வெயிலே இல்லை. பிப்ரவரி மாதத்து மூன்று மணி. காலையிலிருந்தே வானம் சாம்பல் பூசினாற்போல் மூடிக் கிடந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வேலிக் கம்பங்களின் தலை மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. எதிரே ஒரு வண்டி வந்து இருபது நிமிஷமாகியிருந்தது. வெளிச்சம் மங்கி, கூடி, சட்டென்று வெளுத்து, மறுபடி மங்கியது. ஒரு படம் ஓடும்போது காட்சிக்குக் காட்சி மாறுமே, அந்த மாதிரி.

பின்சீட்டில் ஓர் அட்டைப்பெட்டியைத் தவிர எதுவும் இல்லை. பெட்டிக்குள் அவள் கணவர் டெல்லின் டிவிடி பிளேயர் இருந்தது. காலையில் அவளே அதன் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஹெட்போன் ஒயரைச் சுற்றி வைத்து, எல்லாவற்றையும் ஒரு துண்டில் பொதிந்து, பெட்டியை மூடி நாடா ஒட்டியிருந்தாள். பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் ரோண்டாவுக்கு அது வேண்டுமாம். இரட்டைப் பிள்ளைகளோடு ஆரிகன் வரை காரிலேயே போகிறார்கள். இரண்டு நாள் பயணம்.

“சும்மாதானேம்மா கெடக்கு. உள்ள இருக்குற டிஸ்க்கை மட்டும் எடுத்துட்டுக் குடு” என்று போனில் சொல்லியிருந்தாள்.

அதை மட்டும் ஆர்லிஸால் செய்ய முடியவில்லை. பிளேயரின் மூடிமேல் விரலை வைத்தபடி சமையலறை மேசையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திறக்கக் கை வரவில்லை. அப்படியே கட்டிவிட்டாள்.

பிளேயரை வாங்கியது போன ஜூனில். டெல்லுக்குக் கணையத்தில் புற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பில்லிங்ஸுக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார். வரும்போது பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வார். அப்போதுதான் அவர் மைல்கற்களை எண்ண ஆரம்பித்தார். இன்னும் எண்பது, இன்னும் எழுபத்தொன்பது என்று முணுமுணுப்பது முன்னால் அவளுக்குக் கேட்கும். எண்ண எண்ண வலிக்கு நீளம் கூடுகிறது என்று அவரே சொன்னார். அதனால்தான் கையடக்கமாக ஒரு பிளேயர் வாங்கிவிடலாம் என்று அவள் யோசனை சொன்னாள்.

கடையில் டெல் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும். குதிரைக்குப் பல் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் வாயைத் திறந்து பார்த்தார். விற்கிற பெண் பெரிய திரை வைத்த பளபளப்பான ஒன்றைக் காட்டி, இதுதான் இப்போது எல்லாரும் வாங்குவது என்றாள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். இரண்டு மணி நேரம் என்றாள்.

“வேணாம்மா. பாதிப் படத்துல அது போயிரும். எனக்கு முன்னாடி அது போகக் கூடாதுல்ல.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆர்லிஸ்தான் முதலில் சிரித்தாள். கடைசியில் சின்னத் திரையும், கீழே செங்கல் போலக் கனத்த, நாலரை மணி நேரம் நிற்கிற பேட்டரியும் உள்ள ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு டிஸ்க்கைப் போட்டு ஓடவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சல்லடை போலக் குலுக்கினார். எங்கள் ஊர் ரோட்டில் இதைவிட மோசமாகக் குலுங்கும் என்றார். படம் நிற்கவில்லை. பக்கவாட்டில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. எதற்கு இரண்டு என்று ஆர்லிஸ் கேட்டாள்.

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு, கெழவி. நீ வண்டி ஓட்டாத நேரத்துக்கு.”

அந்த நேரம் பாதி வழியில், மோஸ்பியில் வாய்க்கும். ஆற்றுப் பாலத்தை ஒட்டி வண்டிகள் நின்று போக ஓர் ஓய்விடம் உண்டு. அங்கே நிறுத்திவிட்டு அவள் பின்சீட்டுக்கு வருவாள். முன்சீட்டின் தலைச்சாய்ப்பில் வாரால் கட்டித் தொங்கவிட்ட அந்தச் சின்னத் திரையை இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பார்ப்பார்கள். டெல்லுக்குக் குதிரைப் படங்கள்தான் பிடிக்கும். பிடித்ததையே திட்டிக்கொண்டு பார்ப்பார். காதை மூடியிருப்பதால் தான் கத்துவது அவருக்கே தெரியாது. காலையிலிருந்து ஓட்டுகிறான், அந்தக் குதிரைக்கு ஒரு வாய் தண்ணீர் காட்டினானா என்று கூச்சல் போடுவார். அவள் கொண்டுவந்த முட்டை ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை அவள் பார்க்காத நேரத்தில் காகிதத்தில் சுற்றி வைப்பார். அவள் பார்க்காதது போலவே இருப்பாள்.

அக்டோபரில் ஒருநாள், திரும்பி வருகிற வழியில், மோஸ்பியில் அவள் நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது டெல் படத்தில் ஆழ்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. திரையின் வெளிச்சம் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பாலத்தைத் தாண்டிவிட்டாள். அவர் காது மூடியிருக்கிறது என்கிற தைரியத்தில், முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அன்றைக்கு வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் தனியாக என்ன செய்வேன், கன்றுகளை விற்றுவிடட்டுமா, நீ படுத்த பக்கம் நான் எப்படிப் படுப்பேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தபோது அழுதாள். பின்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகத்தில் வெளிச்சம் அசைந்தது.

பண்ணைக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, “வந்தாச்சு, டெல்” என்று முழங்காலைத் தொட்டாள். காற்சட்டைத் துணிக்கு மேலேயே குளிர் தெரிந்தது. படம் எப்போதோ முடிந்து, டிஸ்க்கின் மெனு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நாலு குதிரைக்காரர்கள் மேட்டில் ஏறினார்கள். உச்சிக்குப் போவதற்குள் மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறினார்கள்.

உயிர் போய் ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் மோஸ்பிக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ. தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்து வைத்தவர் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். யாரிடமும் அவள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. நாலு மாதமாக அடுப்படியில், மாட்டுக் கொட்டகையில், படுக்கையில் அவள் அதோடுதான் இருந்தாள்.

அவர் கூப்பிட்டாரா?

கூரையில் வெளிச்சம் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஆர்லிஸ் கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டாள். ஹீட்டரிலிருந்து வரும் சூடுகாற்றின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. தகரத்தின்மேல் மணல் உதிர்வது போல, மிகச் சின்னதாக. சூடுகாற்றை நிறுத்தினாள். சத்தம் தெளிந்தது. யாரோ காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனிலிருந்து வெளியே கசிகிற இசை. அன்றைக்கு அவள் அதைக் கேட்கவில்லை. அன்றைக்கு ரேடியோ இருந்தது.

பிறகு வாசம் வந்தது. மருந்து ஏற்றிவிட்டு வருகிற நாட்களில் டெல்லின் தோலிலிருந்து ஒரு வாசம் வரும். காசை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ஓர் உலோக வாசம். எத்தனை முறை குளித்தாலும் போகாது. அவர் தலையணை உறையைக்கூட அவள் இன்னும் துவைக்காமல் வைத்திருந்தது அதற்காகத்தான். இப்போது அது பின்னாலிருந்து, பிடரிக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

மோஸ்பி பாலத்தைத் தாண்டியதும் ஓய்விடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். வேறு வண்டி எதுவும் இல்லை. ஆற்றில் பனிக்கட்டி. சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். இசை நிற்கவில்லை.

இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். நாடா ஒட்டினபடியே இருந்தது. அட்டை மடிப்பின் இடுக்கில் நீல வெளிச்சம் கோடு போட்டிருந்தது. கைப்பையைத் திறந்து பார்த்தாள். பேட்டரி அங்கேதான் இருந்தது. கனமாக, ஜில்லென்று.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கே ஓடுவது? இரண்டு பக்கமும் முப்பது மைலுக்குப் பனி. அதைவிட, ஓடிவிட்டால் அந்தக் கேள்வியோடு இன்னும் எத்தனை வருஷம் இருக்க வேண்டும்? அவளுக்கு வயது அறுபத்தேழு. அவளுடைய தாய் தொண்ணூற்றிரண்டு வரை இருந்தாள்.

சாவி முனையால் நாடாவைக் கீறினாள். துண்டை விலக்கினாள். பிளேயர் வெதுவெதுப்பாக இருந்தது, மடியில் இருந்து இப்போதுதான் எடுத்தது போல. காற்று பலமாக அடித்ததால் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். டெல்லின் இடம். அங்கே பஞ்சு அவருடைய உடம்பின் அளவுக்கு இன்னும் குழிந்திருந்தது.

திரையில் குதிரைக்காரர்கள் இல்லை.

ஒரு தலையின் பின்புறம் தெரிந்தது. நரைத்த முடி, பழுப்பு நிறக் கம்பளிக் கழுத்துப்பட்டி. அதற்கு அப்பால் வண்டியின் முன்கண்ணாடி, சாலை, இலையுதிர்காலத்து மஞ்சள் புல். தன் பின்தலையைத் தானே பார்த்ததில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. தலை ஆடி ஆடிப் பேசிக்கொண்டிருந்தது.

ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள்.

ரேடியோ பாட்டு. அதற்கு மேல் அவளுடைய குரல். கன்றுகளை விற்றுவிடட்டுமா என்று கேட்டது. இவ்வளவு சத்தமாகவா பேசினேன் என்று நினைத்தாள். நிறுத்தாமல், மூச்சுவிடாமல். பிறகு, மிக அருகில், தன் காதுக்குள்ளேயே ஒரு மூச்சு. இழுத்து, திணறி.

“ஆர்லி.”

கத்தாத குரல். எப்போதும் கத்துகிறவர். திரையின் கீழோரத்திலிருந்து ஒரு கை எழும்பியது. எலும்பும் நரம்புமாக, ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. முன்சீட்டை நோக்கி நீண்டது. தோளுக்கு ஒரு சாண் இருக்கும்போது விழுந்தது.

“ஆர்லி. நிறுத்தும்மா.”

திரையில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

“கொஞ்சம் நிறுத்து. என் பக்கத்துல வந்து உக்காரு.”

கை மறுபடி எழுந்தது. இந்தத் தடவை பாதி தூரம்கூட வரவில்லை. ஆர்லிஸ் திரையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கண்ணாடியில் வழிந்தது. “வந்துட்டேன். இதோ வந்துட்டேன், டெல். பக்கத்துலதான் இருக்கேன்” என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஹெட்போனில் மூச்சு நின்றது. பாட்டு மட்டும் ஓடியது.

அப்போதுதான் சீட் குலுங்குவதை உணர்ந்தாள்.

தலையைத் தூக்கினாள். ஜன்னலுக்கு வெளியே மோஸ்பி பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆற்றில் பனிக்கட்டி இல்லை. பழுப்புத் தண்ணீர் ஓடியது. கரையெல்லாம் மஞ்சள் புல். வண்டிச் சாவி இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

முன்சீட்டில் ஒருத்தி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நரைத்த தலை. பழுப்புக் கழுத்துப்பட்டி. ஆடி ஆடிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆர்லிஸ் எழ முயன்றாள். கால் நகரவில்லை. மார்புக்குள் ஏதோ இறுகி, இடது தோள்வரை ஏறியது. மூச்சு பாதியில் நின்றது. கையை நீட்டினாள். கை கனத்தது. தோளுக்கு ஒரு சாண்.

“ஏய்” என்றாள். “ஏம்மா. திரும்பு.”

சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. காதை ஹெட்போன் மூடியிருந்தது.

கண்ணாடியில் ஒரு ஜோடி கண்கள் நிமிர்ந்து பின்சீட்டைப் பார்த்தன. ஈரமாக, பிரியமாக. ஆர்லிஸின் முகத்தில் வெளிச்சம் அசைவதைப் பார்த்தன. நிம்மதியாகச் சாலைக்குத் திரும்பின.

பிறகு முன்சீட்டுக்காரி ஒரு கையை நீட்டி, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.