ஜெபக்குறிப்பில் எழுதிய பெயர்

"காப்பியெல்லாம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சிட்டுத்தான் வாரோம்" என்று வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, தங்கபாய் இரண்டு டம்ளர்களோடு நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அன்று சபையார் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறு. ஆலயத்தின் முதல் மணி அப்பொழுதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்திருந்த நாத்தனார் வெள்ளத்தாய், தன் தம்பியும் தங்கபாயின் கணவருமான சீனிச்சாமிக்கு எதிரே நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். அவளருகே அவளுடைய ஒரே மகள் பானுப்பிரியா, கல்யாணப் பத்திரிகைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தவண்ணம் இருந்தாள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவ்விருவரும் ராஜபாளையத்து வீட்டின் படியை மிதித்திருக்கிறார்கள்!

"தண்ணியாவது குடிங்க மதினி..."

"ஒன் வீட்டுத் தண்ணியில ஊர்க்கதை கலந்திருக்கும்டி. எனக்குச் சேராது" என்ற வெள்ளத்தாய், தம்பியிடம் திரும்பினாள். "ஏலே சீனி, வார வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சேத்தூரு. இவளுக்கு முன்ன வலிப்பு வந்ததையெல்லாம் ஒளிக்காமச் சொல்லிட்டோம். அவியளும் மனசாரச் சம்மதிச்சிட்டாக. தகப்பன் இல்லாத புள்ள... தாய்மாமன் நீதாம்லே கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டு வரணும்."

"வாரேன்க்கா."

"நீ மட்டும் வா. ஒரு கல்யாணத்தக் கெடுத்தவ இதுக்கும் வந்து நிக்க வேண்டாம்."

நூற்பாலையில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிய மேஸ்திரி சீனிச்சாமி, தம் வீட்டு நாற்காலியில் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார்.

பானுப்பிரியா எழுந்து தங்கபாயின் அருகில் வந்தாள். தகப்பனை இழந்த ஐந்து வயதிலிருந்து பதினான்கு ஆண்டுக் காலம் இந்த வீட்டில் வளர்ந்தவள் அவள். பிள்ளைப்பேறு இல்லாத தங்கபாய், அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள். வலிப்பு வந்த பொழுதெல்லாம் மடியில் கிடத்தி, அது அடங்கும்வரை அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் இப்பொழுது அத்தை என்று அழைக்கவும் மனமின்றி நின்றாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மனசுல கசப்ப வச்சுக்கிட்டுப் பீடத்துக்கு முன்னால முழங்கால் போடக்கூடாதுன்னு எங்க சபை ஐயரு சொன்னாரு. அதனால... நீங்க எனக்குச் செஞ்சத நான் மன்னிச்சிட்டேன். ஆனா கல்யாணத்துக்கு வராதீங்க. ஒங்களப் பாத்தா எனக்குத் தாங்காது."

தங்கபாய் இரு கைகளையும் குவித்து, "சரிம்மா... மன்னிச்சியே, அது போதும். நீ நல்லா இருக்கணும்" என்றாள்.

தான் செய்யாத குற்றத்துக்கு அவள் மன்னிப்புப் பெற்றுக்கொண்டாள்! அதைக் கண்ட சீனிச்சாமியின் முகம் வெளிறிப்போயிற்று.

நடந்தது இதுதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, கான்சாபுரத்து வரனுக்கும் பானுப்பிரியாவுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. வலிப்பு நோயைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கவில்லை. அக்காள் மகள் மீது உயிரையே வைத்திருந்த சீனிச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த உபவாச ஜெபக் கூட்டத்துக்குச் சென்றார். வாசலிலிருந்த பெட்டியில் ஒரு ஜெபக்குறிப்பை எழுதிப் போட்டார். "எங்கள் பானுப்பிரியாவுக்கு வரும் வலிப்பு, திருமணத்துக்கு முன் நீங்க வேண்டும்." அந்தச் சீட்டைப் போதகர் மட்டுமே தனியறையில் வாசித்து ஜெபிப்பார் என்று அவர் எண்ணியிருந்தார். ஆண்பிள்ளை தன் பெயரை எழுதுவதா என்று கூச்சப்பட்டு, அடியில் "தங்கபாய், ராஜபாளையம்" என்று எழுதிவிட்டார். கூட்டத்தின் முடிவில் சீட்டுகள் யாவும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. மாப்பிள்ளையின் சித்தி மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தாள். மறுநாளே சம்பந்தம் முறிந்தது.

"அக்காவுக்குத் தெரிஞ்சா எம் மூஞ்சியிலயே முழிக்காது தங்கம்... சொல்லிராத" என்று அவர் மனைவியிடம் கதறினார். தகப்பனை இழந்த பெண்ணுக்குத் தாய்மாமனும் இல்லாமற் போகக்கூடாதே என்று தங்கபாய் வாயை மூடிக்கொண்டாள். அன்று தொடங்கிய மௌனம் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

நாத்தனாரோடு சமாதானம் ஆகாமல் திருவிருந்து வாங்கலாகாது என்று தனக்குத் தானே தடை விதித்துக்கொண்ட தங்கபாய், அன்றும் ஆலயத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தாள். சபையார் ஒரே குரலில் பாவ அறிக்கை செய்தார்கள். சீனிச்சாமி வழக்கம்போல் பீடத்தின் முன் சென்று முழங்காலிட்டார். ஆராதனைக்கு உடன் வந்திருந்த அக்காள் அவருக்கு வலப்புறமும், பானுப்பிரியா இடப்புறமும் முழங்காலிட்டார்கள்.

சபைப் போதகரான ஐயர் அப்பத்தை நீட்டினார். சீனிச்சாமி நீட்டிய கைகளைச் சட்டென்று மூடிக்கொண்டார்.

"என்னங்க, கைய நீட்டுங்க" என்றார் ஐயர் தணிந்த குரலில்.

"எனக்கு வேண்டாம் ஐயா... ஒம்பது வருசமா இந்தக் கையாலதான் வாங்கித் தின்னேன். அந்தச் சீட்ட எழுதுனது இந்தக் கைதான்!" அவர் எழுந்து சபையின் பக்கம் திரும்பினார். "அக்கா! பானு கல்யாணம் நின்னுச்சே, அந்த ஜெபக்குறிப்ப எழுதுனது நான். தங்கம் பேரப் போட்டதும் நான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா... தெரிஞ்ச பொறவும் என்னக் காட்டிக் குடுக்கல!"

ஐயர் அப்பத்தட்டைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"ஏலே... நீயா?" வெள்ளத்தாய் தம்பியின் சட்டையைப் பற்றி உலுக்கினாள். "படுபாவி! எம்புட்டுப் பேச்சு பேசிருப்பேன் அவள... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு மரம் மாதிரி இருந்தியேலே!"

பானுப்பிரியா அதற்குள் கடைசி இருக்கைக்கு ஓடியிருந்தாள். தங்கபாயின் காலடியில் விழுந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன் அத்தை சொல்லல? ஏன் சொல்லல?"

"ஒனக்கு அப்பா இல்லையேம்மா... மாமாவையும் எப்படி நான் பறிக்க?"

"தினமும் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன் அத்தை... ஒங்கள மன்னிக்க எனக்கு மனசு தாங்க ஆண்டவரேன்னு! காலையில பெரிய மனசு பண்ணுன மாதிரி வந்து சொன்னேனே... அதையும் கைகூப்பி வாங்கிக்கிட்டீங்களே!"

வெள்ளத்தாய் தள்ளாடி வந்து, சபையார் பார்க்கத் தங்கபாயின் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஏட்டி தங்கம்... நீ வராம அந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறக்கூடாதுடி. நீதான் முன்னால நிக்கணும். நாங்கெல்லாம் பொறவுதான்..." தங்கபாய் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் கண்கள் அப்பொழுதும் வறண்டே இருந்தன.

சீனிச்சாமி நடைபாதையில் மெல்ல நடந்து வந்து, இரண்டடி தள்ளியே நின்றார். அருகில் வரும் உரிமை தமக்கு உண்டா என்பது அவருக்கே விளங்கவில்லை.

"தங்கம்... என்ன மன்னிப்பியா?"

தங்கபாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேங்க. ஒவ்வொரு திருவிருந்துக்கும் நீங்க எந்திரிச்சுப் போவீக. இன்னைக்காவது திரும்பி வந்து எங்கிட்ட இந்த ஒரு வார்த்தையக் கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க... வாயத் தொடச்சிக்கிட்டு முன் பெஞ்சில போய் உக்காந்துக்குவீக."

ஒன்பது ஆண்டுகளாக ஒருவர் முன்னிலையிலும் அழாத அப்பெண்மணி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். சீனிச்சாமி அவளருகே தரையில் அமர்ந்தார், தொடத் துணியவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை ஐயர் ஆராதனையைத் தொடரவுமில்லை, சபையாரில் ஒருவரும் எழுந்து செல்லவுமில்லை.