வீட்டை விட்டுப் போகாதவன்

கருமாதி முடிந்த மறுநாள் காலை, கூடத்து ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஞானமணி இரண்டில்தான் வைத்திருந்தாள். குறைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கித் திரும்புவதற்குள் மறுபடி ஐந்து. காலண்டர் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்தக் காற்றில் சிகரெட்டும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாடை, ஒன்பது வருஷம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த வாடை, கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் புருஷன் வெற்றிச்செல்வன் லாரியில் மோதிச் செத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் குவைத்தில் சம்பாதித்து, பொன்னமராவதிக்கு வெளியே அவன் கட்டிய வீடு அது.

"வீட்டு மேல அவனுக்கு அம்புட்டு ஆசை" என்றாள் அவனுடைய அக்கா பரிமளா, கண்ணைத் துடைத்தபடி. "கல்லு கல்லாப் பாத்துக் கட்டுனவன். விட்டுட்டுப் போக மனசு வருமா?"

அவனுடைய சித்தப்பா ஆத்மநாதன் வேறு மாதிரி சொன்னார். "பொசுக்குன்னு போயிட்டான்ல. செத்ததே அவனுக்குத் தெரியலம்மா. யாராச்சும் எடுத்துச் சொன்னா போயிருவான்."

ஆள் இல்லாத நேரம் பார்த்து ஞானமணி படுக்கையறை வாசலில் நின்று சொல்லிப் பார்த்தாள். "நீங்க செத்துட்டீங்க. போயிருங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, கனத்த ஆள் ஒருவன் எழுந்து உட்கார்ந்ததைப் போல. பிறகு மூக்கால் விடும் ஒரு சின்னச் சிரிப்பு. அடிப்பதற்கு முன்னால் அவன் அப்படித்தான் சிரிப்பான்.

அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

திருநீறு மந்திரிக்க வந்த பூசாரி மலையாண்டி, "அழுது அழுது நீங்கதான் புடிச்சு வச்சிருக்கீங்க, ஆத்தா" என்றார். ஞானமணி தலையை ஆட்டினாள். அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. பாடையைத் தூக்கியபோது நெஞ்சுக்குள் பரவிய நிம்மதியை யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தாள். அவன் பார்த்திருக்கிறான். அதற்காகத்தான் போகாமல் இருக்கிறான்.

சனிக்கிழமை மதியம் பையில் துணியைத் திணித்தாள். மணமேல்குடியில் அம்மா வீடு. மூன்று மணிக்கு பஸ்.

"எங்கிட்டுப் போறே?" பரிமளா வாசலை மறித்தாள். "ஒனக்காகத்தான்டி இருக்கான். குடுத்து வச்சவ நீ."

"போயிட்டு வாரேன் அண்ணி. இலக்கியா! செருப்பைப் போடு."

மகளுக்கு ஏழு வயது. அவள் மேல் அவன் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அதற்கு ஞானமணி இருந்தாள்.

"இலக்கியா!"

வாசலில் சின்னச் செருப்பு அப்படியே கிடந்தது.

வாடை. கூடத்தில் இல்லை. படுக்கையறைப் பக்கம்.

பை கையிலிருந்து நழுவியது. ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

நல்ல வெயில். ஜன்னல் வெளிச்சத்தில் அறையின் நான்கு மூலைகளும் தெரிந்தன. ஒருவரும் இல்லை. நடுவில் இலக்கியா. அவள் பின்னல் விறைத்து நேராக மேலே நின்றது. கால் கட்டைவிரல்கள் தரைக்காகத் துழாவின. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

பின்னாலேயே வந்த பரிமளா, பார்த்துக் கைகூப்பினாள்.

"என் ராசா... பிள்ளையத் தூக்கிக் கொஞ்சுறான் பாரு."

இலக்கியாவின் முகம் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். பிறகு இடப்பக்கம்.