உறங்கும் ஆமையின் எடை

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆமையின் எடை பதினெட்டு கிராம் கூடியிருந்தது.

அவள் அதைத் தராசிலிருந்து எடுத்து மறுபடி வைத்தாள். அதே எண். கூடவே கூடாது. மூன்று வாரமாகத் தின்னாமல் குடிக்காமல், துளையிட்ட மரப்பெட்டிக்குள், கிழித்துப் போட்ட காகிதங்களுக்கு நடுவே தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு தூங்குகிற பிராணிக்கு எடை குறையலாம், அதுவும் ஒன்றிரண்டு கிராம். எங்கிருந்து கூடும்?

தராசுதான் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் நாள் முழுக்கப் பொடிகளை நிறுப்பது அவள் வேலை. மறுநாள் அங்கிருந்து ஒரு கிலோ எடைக்கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தாள். தராசு யோக்கியமாகத்தான் இருந்தது.

ஆமை அண்ணனுடையது. ஐந்து வருடத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கினான். வேறு ஊரில் வேலை கிடைத்ததும் அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனான். ஆசை அவனுக்கு, அள்ளிக் கொட்டுவது அம்மாவுக்கு, பிறந்ததிலிருந்து அப்படித்தான். அம்மா அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். ஒரு துரும்பையும் நகர்த்தாது, ஆனால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்குமாம். இருபத்திரண்டு வருடமாக ஒரு சலவைக் கூடத்தில் நீராவி இஸ்திரி மேசை முன்னால் நிற்கிறவள் அம்மா. மேனேஜர்களைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

குளிர் தொடங்கியதும் ஆமை தின்பதைக் குறைத்தது. இருட்டான மூலை தேடிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. கால்நடை மருத்துவர் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். இந்த வகை ஆமை குளிர்காலத்தில் தூங்கியாக வேண்டும். வீட்டில் சூடு ஏறி இறங்கும் என்பதால், பழைய ஃபிரிட்ஜில் ஐந்து டிகிரியில் வைப்பதே பாதுகாப்பு. தினம் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று விட வேண்டும். வாரம் ஒரு தடவை நிறுக்க வேண்டும். தூங்க வைப்பதற்கு முன் மூன்று வாரம் பட்டினி போட வேண்டும். வயிற்றில் தீனி இருந்தால் தூக்கத்திலேயே அழுகி உயிரை எடுத்துவிடும்.

பட்டினி என்ற சொல் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வாயில்லாத ஜீவனை எதற்கு வாட்ட வேண்டும் என்று முனகினாள். மகள் தாளைக் காட்டினாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். மின்கட்டண அறிவிப்பிலிருந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வரை அவள்தான் வாசித்துச் சொல்வாள், அம்மா தலையாட்டுவாள். அன்றைக்கும் தலையாட்டினாள்.

நான்காவது ஞாயிறு நாற்பத்தொரு கிராம் கூடுதல். ஐந்தாவது ஞாயிறு நூற்றுப் பத்து.

அன்றைக்குச் சாமான் அறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபோது, வழக்கமாக முகத்தில் வந்து மோதும் ஈரக் காகிதத்தின், மண்ணின், பழைய ரப்பர் பட்டையின் சில்லிட்ட வாடைக்குப் பதிலாக, நன்றாகத் தெரிந்த, ஆனால் அந்த இடத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு மணம் மெதுவாக இறங்கி வந்து அவள் கழுத்தைச் சுற்றியது. சூடான பருத்தித் துணியின் மணம். இப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த விரிப்பின் மணம். உள்ளே தொங்கிய வெப்பமானி ஐந்து டிகிரி காட்டியது. ஆமையின் ஓடு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அம்மாவின் மணம் அது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்தால் அடிக்கும் மணம். சின்ன வயதில் குளிர்காலம் முழுக்க அந்த முதுகுதான் அவளுக்கு அடுப்பு.

அவள் சமையலறைக்குப் போனாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ எடுப்பதுபோல் குனிந்து, அம்மாவின் பிடரியை முகர்ந்தாள்.

ஈரக் காகிதம்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் எப்படிப் படாமல் போனது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மாவின் தட்டில் சாப்பாடு வைத்தபடியே கிடந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. கூப்பிட்டால் திரும்புவதற்கு நேரமானது. முதலில் கண், பிறகு கழுத்து, கடைசியில்தான் உடம்பு. இஸ்திரி மேசை முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள் என்று சலவைக் கூடத்தில் ஒரு வாரம் லீவு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவைத் தள்ளியபோது, அம்மா மூலையில் நெற்றியை வைத்துச் சுவரை முட்டிக்கொண்டு நின்றாள். கால்கள் மட்டும் மெல்ல, மாறி மாறி, போக வழியிருப்பதுபோல நடந்துகொண்டிருந்தன.

இதையெல்லாம் அவள் ஏற்கனவே வாசித்திருந்தாள். அந்த இரண்டு பக்கத் தாளில், ஆமை தூங்கப் போவதன் அறிகுறிகளாக.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, வயசாகிறது, அலுப்பு என்றார் டாக்டர். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் நிறுக்கிற பொடியில் செய்கிற அதே மாத்திரை. அதில் எவ்வளவு சத்து என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அண்ணனுக்குப் போன் போட்டாள். அம்மாவைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டு அவன் ஆமையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமை குண்டாச்சுன்னு அழுற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி. படிச்சுப் படிச்சு உனக்கு மறை கழண்டுருச்சு" என்று சிரித்தான். போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பெட்டியோடு கால்நடை மருத்துவரிடம் போனாள். பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபோது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூடு வந்தது. மருத்துவர் ஆமையின் தொடைச் சந்தில் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்தார். தூங்கும் ஆமைக்கு நிமிடத்துக்கு நாலைந்து துடிப்புத்தான் இருக்குமாம். ஒலிபெருக்கியில் துடிப்பு சரசரவென்று ஓடியது. எழுபத்திரண்டு.

"உங்க நாடியைத்தான் மெஷின் பிடிக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

அவள் கதவுவரை தள்ளிப் போனாள். எழுபத்திரண்டு. அவர் தன் கையை எடுத்துவிட்டு, கருவியை ஒரு துண்டால் அணைகொடுத்து நிற்க வைத்தார். எழுபத்திரண்டு.  ஒலியைக் குறைத்தார்.

"இது தூங்கல. வீட்டுக்குக் கொண்டுபோய் எழுப்பிடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில வைங்க, தானா முழிச்சுக்கும்."

அவள் வீடு வந்தபோது மதியம் இரண்டு மணி. வெளியே நல்ல வெயில், ஆனால் அம்மா எல்லாத் திரையையும் இழுத்து மூடியிருந்தாள். படுக்கையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கையைத் தொட்டால் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. கிளினிக்குக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை கூட்டி வரச் சொன்னார்கள்.

"அம்மா. மேனேஜருக்கு நீ ஏதாவது செஞ்சியா?"

பதில் வருவதற்குள் ஒரு பஸ் தெருவைக் கடந்து போனது.

"திட்டாதடி. பெட்டியில வச்ச அன்னிக்குச் சோறு போட்டேன். வெறும் வயித்தோட யாருக்குத் தூக்கம் வரும்? நீ படிக்கிறப்ப எத்தனை ராத்திரி அப்படிப் படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கினாள். "என் தட்டுல இருந்ததத்தான் கொடுத்தேன். என் பங்க நீ தின்னுடான்னேன். தின்னுச்சு."

"அப்புறம்?"

"அன்னையிலேருந்து எனக்குப் பசியே இல்லடி."

சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை என்று தோன்றியது. ஆமை முழித்துக்கொண்டால் தன் தீனியைத் தானே தின்னும். அம்மாவின் பங்கை விட்டுவிடும். அவ்வளவுதான், கணக்கு நேராகிவிடும். தாளிலும் எழுப்பும் முறை போட்டிருக்கிறது, மருத்துவரும் சொல்லியாயிற்று. சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள் நம்பக்கூடிய யோசனையா இது என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீரைச் சுட வைத்தாள்.

குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டி. மணிக்கட்டை நனைத்துச் சூடு பார்த்தாள். பெட்டியைத் திறந்தாள். ஆமை பெட்டியை நிறைத்திருந்தது. நான்கு சுவரிலும் ஓடு உரசியது. இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் இறக்கினாள். இஸ்திரித் துணியின் மணம் ஆவியோடு எழுந்து கண்ணாடியை மூடியது.

முன்கால் ஒன்று நீண்டது.

அடுத்தது.

தலை வெளியே வந்தது. ஈரமாக. நிதானமாக. கழுத்தை உயர்த்தி அவளைப் பார்த்தது. பிறகு கண்ணை மூடித் திறந்தது.

அவள் கை தொட்டியின் விளிம்பைப் பிடித்தது. ஐந்து வருடமாக அந்தக் கண்களைப் பார்த்திருக்கிறாள். ஆமைக்குக் கீழிமைதான் மேலேறி மூடும். இது மேலிமையை இறக்கி மூடியது. மனுஷரைப்போல. அலுத்துப்போன மனுஷியைப்போல.

படுக்கையறையில் ஏதோ தரையில் விழுந்தது.

ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது. போர்வை தரையில் இழுபட்டு, கட்டிலுக்கு அடியே போயிருந்தது. உள்ளே உரசும் சத்தம். சுவரை. ஒரே சீராக. அவள் தரையில் படுத்தாள். ஈரக் காகிதத்தின், மண்ணின் வாடை.

மூலையில் அம்மா. முதுகு சுவரில். முழங்கால் மார்போடு ஒட்டி, கைகள் மடங்கி உள்ளே.

"அம்மா, வாம்மா. வெளிய வா."

உரசல் நின்றது.

கையை நீட்டினாள். கணுக்கால் அகப்பட்டது. குளிர்ந்திருந்தது. தோல் தடித்துச் சொரசொரவென்று, விரலுக்கடியில் தட்டுத் தட்டாக.

அம்மா மெல்லத் திரும்பினாள். முதலில் கண். பிறகு கழுத்து.

கண் ஒருமுறை மூடியது. கீழிமை இறங்கியது. திறந்தது. உள்ளே கருப்பு, ஈரம். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

"நான்தாம்மா. அம்மா."

அந்தச் சத்தத்துக்கு அம்மா பயந்தாள்.

கழுத்து உள்ளே போனது. தோள்களுக்கு நடுவே. மெதுவாக. தோல் மடிந்து மடிந்து முன்னால் சுருண்டது. மோவாய் போனது. வாய் போனது.

மூக்கு.

கண்கள்.

தோள் இரண்டும் நெருங்கி வந்தன. நடுவே, மடிப்புகளுக்குள், அம்மாவின் நரைத்த வகிடு மட்டும் வெளியே தெரிந்தது.