நீர் வார்த்த கடகம்

வெள்ளாற்றின் மணல்திட்டுகளுக்கு அப்பால் செங்கதிரோன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே முழுமதி நாவற்குன்றக் கோட்டையின் மதிலுக்கு மேலே நாணத்தோடு எட்டிப் பார்த்த அந்த அந்தி வேளை, எவர் நெஞ்சையும் குளிர்விக்கத் தக்கதுதான். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, கோட்டை முற்றத்து மகிழமரத்தடியில் நின்ற ஆதிச்சியின் நெஞ்சு மட்டும் கொல்லன் உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே குற்றவாளியாய் நின்ற யாழ்க்காரி வெண்காடியின் நீண்ட விரல்களையே அவள் பார்த்தாள். 'இந்த விரல்களைத்தான் பிடித்திருப்பாரோ?'

ஆதிச்சி, காலஞ்சென்ற குன்றத்து வேளின் ஒரே மகள். அவள் மனம் வரித்த கண்டன் மழவன் படையோடு வடக்கே போய் மூன்று திங்கள் ஆகியும் ஓர் ஓலைகூட வரவில்லை. புறப்படும் முன் ஒருவரும் அறியாமல் ஆற்றங்கரையில் அவன் உள்ளங்கையில் நீர் வார்த்து, மீளாக் கொடையாக அவன் கையில் அவள் பூட்டிய பொற்கடகம், இன்று காலை வாயிற்காவலர் சோதித்தபோது இந்த யாழ்க்காரியின் பையில் அகப்பட்டது! மூன்று நாளாக அரண்மனை வாசலில் நின்று, மழவன் எப்போதும் முணுமுணுக்கும் மெட்டையே மீட்டிக்கொண்டிருந்தவள் அவள். "தேவியைத் தனியே காணவேண்டும்" என்று மும்முறை கேட்டாள்; மும்முறையும் ஆதிச்சி விரட்டிவிட்டாள். காதலன் பரிசை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டான் என்று ஊரறியச் சொல்ல வாய் வருமா? "என் பேழையிலிருந்து களவு போயிற்று" என்று வழக்கிட்டுவிட்டாள்.

"பெண்ணே!" என்றார் நியாயத் தலைவர் நக்கபிரான் பட்டர். "அரண்மனைப் பொருளைக் களவாடியவருக்கு வலக்கை போகும். தப்ப வழி மூன்று உண்டு. ஒருவர் கொடுத்தார் என்று காட்டலாம். கண்டெடுத்தாய் என்றால் மூன்று நாளுக்குள் பறையறைந்து அறிவித்திருக்க வேண்டும். அல்லது, வழக்கிட்டவருக்கு அப்பொருளில் உரிமையே இல்லை என்று நாட்டவேண்டும். எது உன் வழி?"

"கொடுத்தவர் பெயரைச் சொல்லமாட்டேன், சுவாமி."

"சொல்லமாட்டாளாமே!" என்று நகைத்தார் கோட்டைத் தலைவர் நீலகங்கர். வேள் இறந்தபின் பாதுகாப்பு என்ற பெயரால் ஆதிச்சியையும் கோட்டையையும் சேர்த்துப் பூட்டி வைத்திருப்பவர் அவரே. "பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் கொடுங்கள், வாய் தானாகத் திறக்கும். அல்லது பெயரை மட்டும் சொல்லடி, போய்விடலாம்."

வெண்காடி அவர் பக்கமே திரும்பவில்லை. "மூன்றாம் வழியில் ஒரே ஒரு கேள்வி. தேவி, இந்தக் கடகத்தை எவருக்கேனும் நீர் வார்த்துக் கொடுத்தீர்களா?"

ஆதிச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அதையும் சொல்லிவிட்டாரா இவளிடம்! இன்னும் என்னென்ன சொன்னாரோ!'

இல்லை என்று ஒரு சொல் போதும். அந்த விரல்கள் இனி எந்த மெட்டையும் மீட்டா. சாட்சியும் கிடையாது. நாவின் நுனிவரை வந்துவிட்டது அச்சொல். அப்போது அவன் உள்ளங்கையில் தேங்கி, விரலிடுக்கில் வழிந்த ஆற்றுநீர் கண்முன் நின்றது. வார்த்த நீரை எப்படி மறுப்பது?

"கடகம் என்னுடையதன்று," என்றாள் கண்ணீர் தளும்ப. "ஒருவருக்கு நீர் வார்த்துக் கொடுத்துவிட்டேன். நான் இட்டது பொய்வழக்கு."

"யாருக்கு?" என்று சீறினார் நீலகங்கர்.

"அது மன்றத்துக்கு வேண்டாத பேச்சு," என்றார் பட்டர். "உரிமை போயிற்று, வழக்கும் போயிற்று. பொருளை அவளிடம் கொடுங்கள். பொய்வழக்கிட்டவருக்கும் அதே தண்டனைதான், தேவி; பழி சுமந்தவள் மனமிரங்கினால் மாற்றலாம். நீ என்ன சொல்கிறாய், பெண்ணே?"

"கை வேண்டாம், சுவாமி. ஆற்றங்கரைப் பிடாரி கோயிலில் தேவி இப்போதே தம் கையால் விளக்கேற்றட்டும். நான் உடன் நின்று பார்க்கவேண்டும்."

"காவலர் இல்லாமல் கதவு திறக்காது!" என்றார் நீலகங்கர்.

"தண்டனைக்குப் போகிறவளுக்குப் பரிவாரம் எதற்கு, கோட்டைத் தலைவரே?" என்றாள் வெண்காடி. கூட்டம் சிரித்தது. பட்டர் கையசைத்தார், கதவு திறந்தது.

பிடாரி கோயில் விளக்கொளியில் வெண்காடி கடகத்தின் திருகாணியைத் திருகினாள். உள்ளிருந்து ஒரு சிற்றோலைச் சுருள் விழுந்தது.

"நீலகங்கன் என்னைப் பகைவருக்கு விற்றுவிட்டான். சிறையில் இருக்கிறேன். கோட்டையை விட்டு வெளியேறு. கண்டன்."

படித்து முடித்த ஆதிச்சி நிமிர்ந்து, "அவருக்கு நீ யார்?" என்றாள்.

"முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று அவரும் சொன்னார்!" வெண்காடி வாய்விட்டுச் சிரித்தாள். "அவருடைய ஒற்றர்களில் ஒருத்தி நான். பகைவர் பாசறையில் யாழ் மீட்டித்தான் அவர் சிறைவரை போனேன். என் கணவரும் அங்கேதான் கிடக்கிறார். நீங்கள் அடையாளம் காணத்தான் அந்த மெட்டு."

"மன்றத்தில் நான் 'இல்லை' என்று சொல்லியிருந்தால்? உன் கை..."

"'அவளுக்குப் பொறாமை மூக்குக்கு மேல் வரும், ஆனால் வார்த்த நீரை மறுக்கமாட்டாள்' என்றார். நம்பினேன்."

ஆதிச்சி விறுவிறுவென்று ஆற்றில் இறங்கினாள். கைவளைகளைக் கழற்றி நீரில் எறிந்தாள். நிலவொளி மின்னும் நீரை இரு கைகளாலும் அள்ளி வார்த்தாள். "இந்த நீர் சாட்சி! இக்கடகத்தை அவர் கையில் மறுபடி பூட்டும்வரை என் கையில் வளை ஏறாது. இது ஆணை!"

கரையோரம் நாணலில் மறைத்திருந்த ஓடத்தை வெண்காடி தள்ளினாள். இருவரும் ஏறினார்கள். துடுப்பை எடுத்த ஆதிச்சி சற்றே தயங்கினாள்.

"ஒன்று சொல்கிறேன், கேள். அந்த மெட்டை மட்டும் இனிமேல் நீ வாசிக்காதே."